‘இன்றேல், ஏன்?’: தியவன்னாக் கரையில் நான்கு மாதங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் வாய்மூல விடைக்கென இடம்பெறும் வினாக்கள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவை. எந்த அமைச்சரைக் கேட்பது என்பது முதல் வரியில் இருக்கும். அதன்பின் (அ) என்ற பகுதியில் உட்பிரிவு உட்பிரிவாகத் தகவல்கள் கேட்கப்பட்டு, ‘என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?’ என்று அது முடியும். கடைசியில், தனி வரியில், (ஆ) ‘இன்றேல், ஏன்?’ என்று இரண்டே சொற்கள் நிற்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் பழைய வாத்தியார் ஒருவர் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சி முடிந்தபோது அந்த (ஆ) வரியைப் பற்றி நான் யோசிப்பதையே விட்டிருந்தேன். வேலையெல்லாம் (அ) பகுதியில்தான் இருக்கிறது என்பதும், அதை ஒழுங்காக எழுதாவிட்டால் ‘இன்றேல், ஏன்?’ என்று கேட்க ஒரு சந்தர்ப்பமே வராது என்பதும் அதற்குள் புரிந்துவிட்டன.

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவி. சொந்த இடம் ஹற்றனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். மூன்றாம் வருடத்தில் எங்காவது பயிலுநராகச் சேர்ந்து பயிற்சி பெற வேண்டும் என்று வந்தபோது, வகுப்பில் பெரும்பாலானோர் வங்கிகளையும் தொண்டு நிறுவனங்களையும் நாடினார்கள். நான் சுகாதாரம் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசும் உறுப்பினர்கள் எட்டுப் பேருக்குக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதிய கடிதத்தில் சமூக அக்கறை, தலைமைத்துவம், அர்ப்பணிப்பு ஆகிய சொற்கள் நிறைந்திருந்தன. வெள்ளவத்தையில் நான் தங்கியிருக்கும் போர்டிங்கில் பக்கத்து அறையில் இருந்த சட்டபீட அக்கா அதை வாசித்துவிட்டு, “இதில் நீ என்ன வேலை செய்வாய் என்று எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். இரண்டாவது கடிதம் ஆறே வரிகள்: மூன்று மொழிகளிலும் வாசிப்பேன், சிங்களத்தில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பேன், எக்செலில் அட்டவணை தயாரிப்பேன், வாரத்தில் மூன்று நாட்கள் வரமுடியும். எட்டுக் கடிதங்களுக்கு ஒரேயொரு அழைப்பு வந்தது. என்னைச் சேர்த்துக்கொண்டவர் தமிழில் பேசும் ஓர் உறுப்பினர். சுகாதாரத்துடன் தொடர்புடைய துறைசார் மேற்பார்வைக் குழுவில் அங்கம் வகித்தார். அவர் பெயரையும் கட்சியையும் இங்கே எழுதப்போவதில்லை. இந்த அனுபவத்துக்கு அவை தேவையும் இல்லை.

பாதுகாப்பு அனுமதி வருவதற்கே மூன்று வாரங்கள் கழிந்தன. இப்படியான பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அந்தக் காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பல்கலைக்கழகம் அதற்காகக் காத்திருப்பதில்லை. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து கடுவலை செல்லும் 177இல் ராஜகிரிய நெரிசலைத் தாண்டிப் பொல்துவ சந்தி வரைக்கும் போக, நல்ல நாளில் ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். சாதாரண தரம் படிக்கும்போது பாடசாலைச் சுற்றுலாவில் வந்து பார்த்த அதே கட்டடம்தான் அது: ஜெப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட, தியவன்னா ஓயாவின் தண்ணீருக்கு நடுவே செப்புக்கூரை போட்ட மாளிகை. அன்று பார்வையாளர் கூடத்தில் இருந்து சபையைப் பார்த்தபோது, 225 ஆசனங்களில் பெரும்பாலானவை காலியாக இருந்தது மட்டுமே நினைவிருக்கிறது. சபை கூடத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, அதாவது கூட்ட நடப்பெண், 20 என்பதும், உறுப்பினர்களின் வேலை பெரும்பாலும் அந்த மண்டபத்துக்கு வெளியே குழு அறைகளிலும் தொலைபேசியிலும் நடக்கிறது என்பதும் அப்போது எனக்கு யார் சொல்வார்கள்? பாராளுமன்றத்து உணவைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். நான் பெரும்பாலும் போர்டிங் அன்ரி கட்டித்தந்த இடியப்பத்தைத்தான் சாப்பிட்டேன்.

அலுவலகத்தில் எனக்கு வேலை சொல்லித்தந்தவர் உறுப்பினரின் செயலாளர். இருபது வருடங்களுக்கு மேல் இதே வேலையில் இருக்கும் அவரை எல்லோரும் நானா என்றே அழைத்தார்கள். அவர் எனக்குத் ‘தங்கச்சி’ என்று சொன்னார். முதல் வாரத்தில் அவர் எனக்கு வேலை எதுவும் தரவில்லை, வாசிப்பதற்கு ஒரு கோவை மட்டும் தந்தார். அது சிகரெட் பெட்டியின் கதை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கிய சட்டம் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ், சிகரெட் பெட்டியின் மேற்பரப்பில் 80 சதவீதத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை மூடவேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வெளியிடப்பட்டது. விடயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று, அளவு குறைக்கப்பட்டது. பின்னர் 2015இல் பாராளுமன்றம் திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, 80 சதவீதம் என்ற எண்ணைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தது.

நான் இந்தக் கோவையை வாசித்துவிட்டு, இதை ஏன் தந்தார் என்று விளங்காமல் இருந்தேன். “ஒரு எண்ண எங்க எழுதுறது என்றதுதான் தங்கச்சி அரசியல்” என்றார் நானா. எண்ணை ஒழுங்குவிதியில் எழுதினால் அமைச்சர் மாற்றலாம், நீதிமன்றம் அதிகார வரம்பைக் கேட்கலாம். சட்டத்தில் எழுதினால் அதை மாற்ற மறுபடியும் சபைக்கு வரவேண்டும், ஆனால் அவசரத்துக்குத் திருத்தவும் முடியாது. சுகாதாரக் கொள்கை என்றால் நல்ல நோக்கங்களின் தொகுப்பு என்று விரிவுரைக் குறிப்புகளில் இருந்து நான் எண்ணியிருந்தேன். அந்த வாரத்துக்குப் பிறகு எந்தச் சட்டமூலத்தை எடுத்தாலும் எனது கண் முதலில் எண்களுக்கும், ‘விதித்துரைக்கப்பட்டவாறு’ என்ற சொல்லுக்குமே போயிற்று. அந்தச் சொல் வரும் இடமெல்லாம், தீர்மானம் பின்னொரு நாளில் வேறொருவரால் எடுக்கப்படப்போகிறது என்பதற்கான அடையாளம்.

இரண்டாவது வாரத்தில் கடிதங்கள் வந்தன. மக்கள் ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கு என்ன எழுதுகிறார்கள் என்பதை அறியாத எவரும் சுகாதாரக் கொள்கை பற்றி எழுதக்கூடாது என்பது இப்போது எனது பிடிவாதமான அபிப்பிராயம். இருதய சத்திரசிகிச்சைக்கான திகதி முன்னுக்கு வரவேண்டும், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குச் சிபாரிசு வேண்டும், எழுதித்தந்த மருந்து வைத்தியசாலையில் இல்லாததால் வெளியில் வாங்கப் பணம் இல்லை, தாதி மகளுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றம் வேண்டும் என்று அவை நீளும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவது ஒரு வேலை. ஆனால் ஒரு கொப்பி வாங்கி, பெயர்களை விட்டுவிட்டு, எந்தப் பிரதேசம், எந்தக் குறை, எந்த நிறுவனம் என்று மட்டும் குறித்துவைக்கச் சொன்னார் நானா. நோயாளியின் பெயரையோ நோயையோ அலுவலகத்துக்கு வெளியே, போர்டிங்கில் கூட, வாய்திறந்து சொல்லக்கூடாது என்பதையும் அன்றே கண்டிப்பாகச் சொன்னார். ஒரு மாதத்தில் அந்தக் கொப்பியில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது: தோட்டத்து மருந்தகத்தில் ஆள் இல்லை.

எனக்கு அது செய்தி அல்ல. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்தகத்தின் கதவு வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். ஏன் அப்படி என்பதற்கான வேர் மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை அலுவலகத்தில்தான் படித்தேன். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்தில் இருந்தே தொழிலாளரின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகக் கருதப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவிச்சி என்ற அமைப்பு நாடெங்கும் கிராமங்களில் பரவியபோது, தோட்டம் பெரும்பாலும் தன் எல்லைக்குள் தனியாகவே இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது, மற்றவை கம்பனியின் கீழேயே தொடர்ந்தன.

ஆகவே எனது முதல் கேள்வியை எழுத அனுமதி கிடைத்தபோது நான் உற்சாகத்தில் மிதந்தேன். ‘நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பகுதி வைத்தியசாலைகளின் எண்ணிக்கை, அவற்றில் பணியாற்றும் வைத்தியர்களின் எண்ணிக்கை, நிலவும் வெற்றிடங்கள் யாவை என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?’ என்று எழுதினேன். சேர் (உறுப்பினரை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம்) வாசித்தார், சிறிது யோசித்தார், கையொப்பமிட்டார். கேள்வி பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தின் அலுவலகத்துக்குப் போயிற்று. அது ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகி வந்த நாளில் அதன் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து விடை வந்தது. ஒழுங்கான, முழுமையான, அட்டவணையுடன் கூடிய விடை. அதில் இருந்தவை அனைத்தும் அரசாங்க வைத்தியசாலைகள். ‘தோட்டப் பகுதி வைத்தியசாலை’ என்று நான் எழுதியது சிங்களத்துக்கு மாறியபோது, தோட்டங்கள் உள்ள பகுதியில் அமைந்த வைத்தியசாலைகள் என்ற பொருளில்தான் மாறியிருந்தது. தமிழிலும் அதன் பொருள் அதுதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. 2017இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த டிக்கோயா வைத்தியசாலையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். எங்கள் லயத்துக்குக் கீழே பூட்டிக்கிடக்கும் அறை அடங்காது. அந்த அறை அமைச்சின் கணக்கில் வைத்தியசாலையே அல்ல. அங்கே வைத்தியர் என்ற பதவியும் கிடையாது, தோட்ட வைத்திய உதவியாளர்தான் இருப்பார். இல்லாத பதவிக்கு வெற்றிடம் எப்படி இருக்கும்?

நான் கோபத்துடன் நானாவிடம் போனேன். மழுப்பிவிட்டார்கள் என்றேன். அவர் விடையையும் எனது கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். “தங்கச்சி, நீங்க கேட்டதுக்கு அவங்க சரியாத்தான் பதில் தந்திருக்காங்க. கேட்டதுதான் சரியில்ல” என்றார். சேர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்விக்கான வாய்ப்பு எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், அவர் ஒன்றும் சொல்லாததே போதுமாக இருந்தது.

இந்தத் தோல்வியில் இருந்து நான் கற்றதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் வேறு எந்த இடத்திலும் எனக்கு இது கற்பிக்கப்படவில்லை. கேள்வியை எழுதுவதற்கு முன்பு, அதற்கான விடையைத் தயாரிக்கப்போகும் அதிகாரியின் மேசையில் நாம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவரிடம் இருக்கும் பதிவேட்டில் எந்தத் தலைப்புகள் உள்ளன, அவர் எந்த வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறார், அவருக்கு எந்தக் கோவையைத் திறக்க அதிகாரம் உண்டு என்பவை தெரியாமல், நம் ஊரில் வழங்கும் சொல்லால் கேட்டால், அவர் தன் பதிவேட்டில் அதற்கு மிக அருகில் உள்ள சொல்லுக்கு விடை தருவார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆகவே அடுத்த ஒரு மாதம் நான் சொற்களைத் தேடினேன். சுகாதார அமைச்சின் புள்ளிவிபர வெளியீடுகளில் ஆதார வைத்தியசாலை, பிரதேச வைத்தியசாலை, ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவு என்று நிறுவனங்கள் எப்படி வகுக்கப்படுகின்றன என்று பார்த்து, அவற்றின் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பெயர்களை மூன்று நிரல்களாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். பயிற்சிக் காலத்தில் நான் செய்தவற்றுள் மிகப் பயனுள்ளது எதுவென்று கேட்டால் அந்த ஒட்டுத்தாளையே சொல்வேன்.

மொழியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். நமது சட்டங்கள் மூன்று மொழிகளிலும் வெளியாகின்றன, ஆனால் அண்மைக்காலச் சட்டங்களின் கடைசிப் பிரிவை எடுத்துப் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏதேனும் ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும் என்று இருக்கும். அது நியாயமா என்ற விவாதம் வேறு. நடைமுறையில் ஒரு பயிலுநருக்கு இதன் பொருள், தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்துவிட்டு ஒரு சட்டமூலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதக்கூடாது என்பதே. ஒருமுறை ஒரு வரைவின் தமிழ்ப் பிரதியில் ‘அறிவிக்கலாம்’ என்று இருந்த இடத்தில் சிங்களத்தில் ‘அறிவித்தல் வேண்டும்’ என்ற பொருளே இருந்தது. விகுதி ஒன்றில்தான் வேறுபாடு, ஆனால் அந்த விகுதியில்தான் ஒரு வைத்தியசாலையின் கடமை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன நாளில்தான், முதல் கேள்விக்குப் பிறகு முதன்முறையாக, சேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மாகாண விடயம் இன்னொரு முடிச்சு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது. தேசிய வைத்தியசாலையும் போதனா வைத்தியசாலைகளும் மத்திய அமைச்சின் கீழ் இருக்க, பிரதேச வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் கீழ் இயங்குகின்றன. எனவே ஒரு பிரதேச வைத்தியசாலையின் தண்ணீர்த் தாங்கியைப் பற்றிச் சபையில் கேட்டால், ‘இது மாகாண நிர்வாகத்துக்குரிய விடயம்’ என்ற விடை வர இடமுண்டு. சரி, மாகாண சபையில் கேட்கலாம் என்றால், மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது. நான் பயிற்சி பெற்ற காலத்திலும் தேர்தல் நடந்திருக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள், ஆனால் எழுந்து நின்று கேள்வி கேட்கும் மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட அங்கே இல்லை. எனது பாடத்தில் அதிகாரப் பகிர்வு பற்றி இரண்டு அலகுகள் படித்திருந்தும், அதன் பொருள் ஒரு தண்ணீர்த் தாங்கியில் போய் முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இந்த இடத்தில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. மாகாணத் திணைக்களமும் அதற்குக் கட்டுப்பட்டது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நாம் காரணம் சொல்லத் தேவையில்லை. பாராளுமன்றக் கேள்விக்கு முன்பு தகவல் கோரிக்கை ஒன்றை அனுப்பி, அவர்களிடம் என்ன பதிவேடு இருக்கிறது என்று அறிந்துகொள்வதும், அதன்பின் சபையில் அந்தப் பதிவேட்டின் பெயரைச் சொல்லியே கேட்பதும்தான் ஒழுங்கு. முதல் தடவை நான் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

எண்களிலும் ஒரு பிழை செய்யப்போய்த் தப்பினேன். 2016இன் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் சுமார் 17 சதவீதம், தோட்டத்துறையில் சுமார் 32 சதவீதம். குடும்ப சுகாதாரப் பணியகம் வெளியிடும் விபரங்களும் என் கையில் இருந்தன. நான் இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்து, முன்னேற்றம் என்று தலைப்பும் கொடுத்துவிட்டேன். முதலாவது, தெரிவுசெய்த வீடுகளில் எடுக்கப்பட்ட மாதிரி ஆய்வு. இரண்டாவது, மருத்துவிச்சிகளின் பதிவில் உள்ள பிள்ளைகளை எடை நிறுத்தும் உயரம் அளந்தும் திரட்டுவது. இரண்டும் தத்தம் இடத்தில் பயனுள்ளவை, ஆனால் ஒன்றின் தொடர்ச்சியாக மற்றதை வைக்க முடியாது. பத்தரமுல்லையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்துக்கு நான் நேரில் போனபோது, அங்கிருந்த ஓர் உத்தியோகத்தர் பொறுமையாக இதை விளக்கினார். பாராளுமன்றத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு திணைக்களம் இருந்தும் அங்கே நடந்துபோகிற பயிலுநர்கள் குறைவு என்று அவர் சொன்னார். அதன்பின் எந்த எண்ணையும் ஆண்டும் மூலமும் இல்லாமல் நான் எழுதியதில்லை. பேச்சுக்கு எழுதும்போது மட்டும் 32 சதவீதம் ‘மூன்றில் ஒரு பிள்ளை’ ஆயிற்று. காதால் கேட்பவர்களுக்குச் சதவீதம் நிற்பதில்லை.

சுருக்கி எழுதும் வித்தையைச் சோடாப் போத்தல் கற்றுத்தந்தது. இனிப்புப் பானங்களில் உள்ள சீனியைப் பற்றி ஒரு குறிப்புக் கேட்டார் சேர். நான் 14 பக்கம் எழுதினேன். பானங்களின் சீனி அளவைப் போத்தலில் ஒரு வட்டத்தின் நிறத்தால் காட்டும், 2016 ஓகஸ்டில் தொடங்கிய நிறக் குறியீட்டு முறை, 2017 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் கிராமுக்கு 50 சதம் என்று முன்வைக்கப்பட்ட வரி, பிறநாட்டு ஒப்பீடுகள் என எல்லாம் இருந்தன. அவர் அதை ராஜகிரிய நெரிசலில் காருக்குள் வாசிப்பார் என்பதும், வாசிக்க அவருக்குக் கிடைப்பது இருபது நிமிடம் என்பதும், சபையில் பேசக் கிடைப்பது அதிலும் குறைவு என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. வெட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான். நானா அதைத் திருப்பித் தந்து ஒரே பக்கம் கேட்டார்.

அன்று மாலை காலி வீதிக் கடையொன்றில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை வாங்கினேன். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி என்று அதில் இருந்தது. அப்படியானால் முழுப் போத்தலில் 40 கிராம், அதாவது நான்கு கிராம் கொள்ளும் தேக்கரண்டியால் பத்துக் கரண்டி. ஆனால் அதன் வட்டம் சிவப்பு அல்ல, மஞ்சள். ஏனென்றால் 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, 2 முதல் 11 வரை மஞ்சள், 11ஐத் தாண்டினால்தான் சிவப்பு. ஒரு பானத்தைப் பத்துக் கிராமில் நிறுத்திவிட்டால் அது சிவப்பில் இருந்து தப்பிவிடும். மறுநாள் ஒரு கண்ணாடிக் குவளையில் பத்துக் கரண்டி சீனியைப் போட்டு, போத்தலையும் ஒரு பக்கக் குறிப்பையும் அதன் பக்கத்தில் வைத்தேன். சேர் குவளையைச் சிறிது நேரம் பார்த்தார். 14 பக்கத்தில் மிஞ்சிய 13 பக்கங்களை நான் எறியவில்லை. “சபையில் யாராவது குறுக்கே கேட்டால் அந்தப் பக்கங்கள் வேண்டும்” என்று அவரே கோவையில் போடச் சொன்னார்.

குழுக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார ஒரேயொரு தடவை அனுமதி கிடைத்தது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அமைச்சின் அதிகாரிகள் கட்டுக் கட்டாகக் கோவைகளுடன் வந்திருந்தார்கள். சபையில் ஒருவரை ஒருவர் கிழித்துப்போடும் உறுப்பினர்கள் அங்கே தேநீர்க் கோப்பையை ஒருவருக்கொருவர் நகர்த்திக் கொடுத்துக்கொண்டு மருந்துக் கொள்வனவைப் பற்றி அமைதியாகக் கேட்டார்கள். தொலைக்காட்சியில் வருவதைப் பார்த்து அரசியலை வெறுத்துவிட்ட என் நண்பிகளுக்கு அந்த அரை நாளைக் காட்ட முடியாமல் போயிற்றே என்பதுதான் என் மனக்குறை.

இரண்டாவது கேள்வியை எழுத ஆறு வாரங்கள் எடுத்துக்கொண்டேன். அதில் ‘தோட்டப் பகுதி’ என்ற சொல்லே இல்லை. பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தின் கீழ் தற்போது இயங்கும் மருந்தகங்கள் யாவை, தோட்டத்தின் பெயருடன் தனித்தனியாக. அவை ஒவ்வொன்றிலும் தோட்ட வைத்திய உதவியாளர் பதவி நிரப்பப்பட்டுள்ளதா, நிரப்பப்பட்டிராவிட்டால் எத்திகதியில் இருந்து. அரசாங்கம் பொறுப்பேற்றவை யாவை, எத்திகதியில். பொறுப்பேற்கத் தீர்மானிக்கப்பட்டவை இருப்பின் அவை யாவை. இத்தகவல்கள் அமைச்சிடம் இல்லாவிடின், அவற்றைத் திரட்டும் பொறுப்பு எந்த அதிகாரியிடம் உள்ளது என்று கேட்டிருந்தேன். கடைசி உட்பிரிவைச் சேர்த்தவர் நானா. தகவல் இல்லை என்பதும் ஒரு தகவல்தான், ஆனால் அதை யாரோ ஒருவர் தம் பெயரில் சொல்லவேண்டும் என்றார். இம்முறை தமிழ் மூலத்துடன் சிங்கள மொழிபெயர்ப்பையும் நாங்களே தயாரித்துக் கொடுத்தோம்.

அந்தக் கேள்வி முதலில் எடுக்கப்பட்ட நாளில், விடையளிக்கக் கால அவகாசம் கேட்கப்பட்டது. இரண்டாவது நாளிலும் அப்படியே. அதற்குள் என் பயிற்சி முடிந்து, அனுமதி அட்டையை வாயிலில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், விடை சபாபீடத்தில் வைக்கப்பட்டுவிட்டதாக நானா அழைத்துச் சொன்னார். சபை நடவடிக்கைகளின் பதிவான ஹன்சாட்டின் பின்னிணைப்பில் அட்டவணை இருந்தது. பல கட்டங்கள் காலியாக இருந்தன, சிலவற்றில் ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று இருந்தது. எங்கள் தோட்டத்தின் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கு நேரே, பதவி நிரப்பப்படவில்லை என்றும் எந்தத் திகதியில் இருந்து என்றும் எழுதியிருந்தது.

அம்மாவுக்குக் கோல் எடுத்து வாசித்துக் காட்டினேன். “இது நமக்குத் தெரிஞ்சதுதானே புள்ள, இத எழுதி வாங்கவா இவ்ளோ நாளு?” என்றார். பிறகு திகதியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அது பிழை என்றார். டிஸ்பென்சரி ஐயா போனது அதற்கும் முந்திய வருடம், தீபாவளிக்குப் பிறகு. ஐயாவின் பிரியாவிடைக்குத் தோட்ட நிர்வாகியான தொரை காசு சேர்த்தது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். நான் கொப்பியை எடுத்து அந்த வருடத்தை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, நானாவின் இலக்கத்தை அழுத்தினேன்.